மிண்டன்ஸ் மேடையின் ஆஸ்தான நால்வர்

1947-ஆம் ஆண்டில் வில்லியம் காட்லீப் என்னும் பத்திரிகையாளர் நியூயார்க் நகரத்து ஹார்லெம் பகுதியில் எடுத்த புகைப்படம் ஒன்று, ஜாஸ் சங்கீதத்தின் சரித்திரத்தில் நாட்டமுள்ளவர்கள் அனைவரும் எங்கேனும் ஒரு நூலில் கண்டிருக்கக்கூடிய ஒன்றாகும். ‘மிண்டன்ஸ் பிளேஹவுஸ்’ என்று பெயர் பொறித்த வாயிற்பந்தலின் கீழே நால்வர் வரிசையாக நிற்கிறார்கள். ஒருவர் பியானோ வித்வான் தெலோனியஸ் மங்க். அவரை அடுத்து நிற்கும் ஹோவர்ட் மெகீயும் ராய் எல்ட்ரிட்ஜும் டிரம்பெட் வாசிப்பதில் பேர்பெற்றவர்கள். நான்காமவர் அந்த விடுதியை நிர்வகித்த டெட்டி ஹில். அந்தப் படத்தை நோக்கும்போதெல்லாம் அதில் நிற்பவர்களைக் காட்டிலும் அதில் நில்லாதவர்களையே என் மனம் நாடுகிறது. ஏனெனில், ஏழாண்டுகளுக்கு முன்பு அதே வாயிலினுள் இரவுதோறும் சம்பளத்துக்கு வாசித்த ஆஸ்தான வாத்தியக் குழுவினரும் நால்வரே. அந்த நால்வரில் மங்க் ஒருவர்தாம் இந்தப் படத்தில் இருக்கிறார். டிரம் வாசித்த கென்னி கிளார்க்கும், டிரம்பெட் வாசித்த ஜோ கையும், டபுள் பேஸ் வாசித்த நிக் ஃபென்டனும் அதில் இல்லை.

கோயிலுக்கும் சமஸ்தானத்துக்கும் ஆஸ்தான வித்வான்கள் இருந்தது போலவே, மேல்நாட்டு இரவு விடுதிகளிலும் அந்த இடத்துக்கே உரியவர்களாக ஒரு குழுவினரை அமர்த்திக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விருந்தாளியாக வரும் வித்வான் ஒரு பாட்டோ இரண்டு பாட்டோ வாசித்துவிட்டுக் கரகோஷத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கிப் போவார். இவர்கள் இறங்க முடியாது. அடுத்து ஏறுகிறவர் யாராயினும், அவர் மேதையாயினும் கற்றுக்குட்டியாயினும், அவர் கேட்கும் பாட்டை, அவர் கேட்கும் சுருதியில், அவர் விரும்பும் காலப்பிரமாணத்தில் வாசித்தே தீரவேண்டும். நாகஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரின் நிலையை அறிந்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1940-களின் தொடக்கத்தில் ஜாஸ் சங்கீதத்தின் போக்கையே மாற்றி, பின்னர் ‘பீபாப்’ என்று பெயர் பெற்ற புதிய நெறி, விருந்தாளிகளின் மேதையால் பிறந்தது என்றே பெரும்பாலும் சொல்லப்பட்டு வருகிறது. அந்த மேதையை மறுக்க யாராலும் இயலாது. ஆயினும், அது பிறப்பதற்கு வேண்டிய தரையை இரவுக்கிரவு சமன்செய்து வைத்தவர்கள் இந்த நால்வரே என்பதும், அந்தத் தரையின் சாயலே மேலே எழுந்த கட்டடத்தின் சாயலாயிற்று என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஹென்றி மிண்டன் சாக்ஸபோன் வாசித்துப் பிழைத்தவர். நியூயார்க் சங்கீதத் தொழிலாளர் சங்கத்தின் 802-ஆம் கிளைக்குக் கறுப்பினத்தவருள் முதன்முதலாகப் பிரதிநிதியானவர். அவர் 1938-இல், மேற்கு 118-ஆம் தெருவிலிருந்த செசில் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டுக்கூடமாக இருந்த பகுதியை எடுத்து விடுதியாக்கினார். முன்புறம் மதுக்கூடம், பின்புறம் சிறிய மேடையுடன் கூடிய ஓர் அறை. நாட்டியமாட வருவோருக்காக ஏற்பட்ட பிரம்மாண்டமான மண்டபங்கள் ஹார்லெமில் வேறு இருந்தன. லெனாக்ஸ் அவென்யூவில் 1926-இல் திறந்த சவாய் மண்டபத்தின் புகழ் அப்போது அமெரிக்கா முழுவதும் பரவியிருந்தது. மிண்டன்ஸ் அத்தகையதன்று. சங்கீதக்காரர்கள் தங்கள் வேலை முடிந்த பிறகு பசியோடும் களைப்போடும் வந்து அமரும் வீடு போன்ற இடம் அது.

மிண்டன் சங்கத்துப் பிரதிநிதி என்பதை நான் வெறும் பெருமைக்காகக் குறிப்பிடவில்லை. கூலியின்றி மேடையேறி வாசிப்பதைச் சங்கம் தடைசெய்திருந்தது. ஒருவர் இலவசமாக வாசித்தால் இன்னொருவரின் கூலி போய்விடும் என்ற நியாயமான அச்சமே அதற்குக் காரணம். பிரதிநிதிகள் இரவு நேரத்தில் விடுதி விடுதியாகச் சென்று கண்காணித்து, அகப்பட்டவர்களுக்கு நூறு முதல் ஐந்நூறு டாலர் வரை அபராதம் விதிப்பார்கள் என்று டிரம்பெட் வித்வான் டிஸ்ஸி கில்லெஸ்பி தம் சுயசரிதையில் நினைவுகூர்ந்திருக்கிறார். வாரச் சம்பளத்தையே எண்ணி வாழ்ந்த வாத்தியக்காரருக்கு அந்தத் தொகை பெரும் இடி. ஆனால் மிண்டனின் விடுதிக்குள் அந்தக் கண்காணிப்பு எட்டவில்லை. சங்கத்தில் அவருக்கிருந்த செல்வாக்கே அதற்குக் காப்பாயிற்று. இவ்வாறு, ஒருவர் மற்றவரோடு அச்சமின்றிக் கூடி வாசித்துப் பார்க்கவும், தவறிப் பார்க்கவும், மறுநாள் திருத்திப் பார்க்கவும் ஓர் அறை கிடைத்தது.

1940-இல் மிண்டன் அந்த அறையின் நிர்வாகத்தை டெட்டி ஹில்லிடம் ஒப்படைத்தார். ஹில்லும் சாக்ஸபோன் வாசித்தவரே. பெரிய குழு ஒன்றைத் தாமே நடத்தி, 1937-இல் ஐரோப்பாவுக்கும் அழைத்துச் சென்று, பின்னர் அதைக் கலைத்துவிட்டவர். நிர்வாகியானதும் அவர் செய்த முதற்காரியம் கென்னி கிளார்க்கை அழைத்துக் குழு அமைக்கச் சொன்னது. இதில் ஒரு விசேஷம் உண்டு. அதே கிளார்க்கை, அவருடைய டிரம் வாசிப்பு நாட்டியத்துக்குப் பொருந்தவில்லை என்று சொல்லித் தம் பெரிய குழுவிலிருந்து முன்பு நீக்கியவரும் இதே ஹில்தான். தாம் வேண்டாமென்று தள்ளிய ஒன்றின் அருமையை, தள்ளிய இடம் வேறு, அழைக்கும் இடம் வேறு என்று உணர்ந்து, அந்த மனிதரையே தேடிக் கூப்பிடும் பெருந்தன்மை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சரித்திரம் ஹில்லுக்கு இதற்காக மட்டுமே ஒரு வணக்கம் செலுத்தலாம்.

கிளார்க்கின் வாசிப்பில் நாட்டியக்காரர்களைத் தடுமாறச் செய்தது எது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். அந்நாளைய ஜாஸ் குழுவில் டிரம் வாசிப்பவர், காலால் மிதித்து ஒலிக்கச் செய்யும் பெரிய முரசில் ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு அடிகளைத் தப்பாமல் கொட்டிவருவார். ஆடுபவர்களின் கால்கள் அந்த முரசைப் பற்றிக்கொண்டே இயங்கின. ஹில்லின் குழுவில் அதிவேகமான பாட்டொன்றை வாசிக்கும்போது அந்த வேகத்துக்கு வலக்கால் ஈடுகொடுக்க முடியாமல் சோர்ந்ததாகவும், அப்போது தாளத்தை வலக்கையிலிருந்த பெரிய பித்தளைத் தட்டுக்கு மாற்றிக்கொண்டதாகவும் கிளார்க்கே பிற்காலத்தில் சொன்னார். தளர்ந்த காலிலிருந்து பிறந்த இந்த மாற்றம் அவருக்கு ஒரு பெரிய விடுதலையாயிற்று. தட்டின் விளிம்பருகே கோல் தொட்டுத்தொட்டு எழுப்பும் அறுபடாத கலகலப்பில் காலம் ஓடிக்கொண்டிருக்கும். இடக்கைக்கும் வலக்காலுக்கும் இனித் தாளம் காக்கும் கடமை கிடையாது. ஆகவே, டிரம்பெட் வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில் இடக்கை ஒரு சொல்லைச் செருகும். எதிர்பாராத இடத்தில் முரசு குண்டு விழுந்தாற்போல் ஒலிக்கும். அந்த இரட்டைச் சொல்லைச் சக வாத்தியக்காரர்கள் ‘குளூக்-மாப்’ என்று வாயால் சொல்லிக் காட்டி, நாளடைவில் கிளார்க்குக்கே ‘குளூக்’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

நம் நாகஸ்வர மேளத்தைக் கூர்ந்து கேட்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. தாளக்காரர் ஒருவர் கைத்தாளத்தைத் தட்டிக்கொண்டே நிற்பதனால் அல்லவோ தவில்காரருக்கு அத்தனை சுதந்திரம் கிடைக்கிறது? தாளத்தைப் பித்தளையிடம் ஒப்படைத்துவிட்டுத் தோல் வாத்தியத்தைப் பேசவிடும் இந்த ஏற்பாட்டை, வேறொரு கண்டத்தில், வேறொரு நிர்ப்பந்தத்தினால், ஒரே ஆள் தம் இரு கைகளையும் இரு கால்களையும் பிரித்து நிறுவிக்கொண்டார்.

கிளார்க் 1914-இல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்து, இளம்வயதிலேயே தாயை இழந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். மிண்டன்ஸில் குழு அமைத்தபோது அவருக்கு வயது இருபத்தாறு. அவர் பியானோவுக்குத் தேர்ந்தெடுத்த தெலோனியஸ் மங்க் அவரினும் மூன்றாண்டு இளையவர். 1917 அக்டோபரில் வட கரோலினாவிலுள்ள ராக்கி மவுண்டில் பிறந்தவர். குடும்பம் 1922-இல் நியூயார்க்குக்குப் பெயர்ந்து, மேற்கு 63-ஆம் தெருவில் குடியேறிற்று. பதின்பருவத்தில் ஓர் ஊழியக்கார அம்மையாரின் கூட்டங்களுக்குப் பியானோ வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிய அநுபவம் அவருக்கு உண்டு. மங்க்கின் வாசிப்பைப் பற்றி எழுதும்போது சொற்கள் போதாமற் போகின்றன. அந்நாளைய பியானோக்காரர்கள் சுரங்களை முத்துச்சரம்போல் உதிர்த்து இடைவெளியே தெரியாமல் நிரப்பினார்கள். இவரோ இரண்டு சுரங்களை அழுத்திவிட்டு நிறுத்திவிடுவார். அந்த நிசப்தத்தைக் கேட்பவர் தாங்க மாட்டாத நேரத்தில், பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டை ஒருசேர அழுத்தி, இரண்டுக்கும் நடுவே இல்லாத ஒரு சுரத்தைத் தேடுகிறவர்போல் ஒலிக்கச் செய்வார். ஒருமுறை செவி அதற்குப் பழகிவிட்டால், நிரம்பி வழியும் வாசிப்பெல்லாம் சற்றே அவசரமாகத் தோன்றத் தொடங்கும்.

ஜோ கை அலபாமாவிலுள்ள பர்மிங்ஹாமில் 1920-இல் பிறந்து, ஹில்லின் பெரிய குழுவிலும் கோல்மன் ஹாக்கின்ஸின் குழுவிலும் வாசித்துப் பெயரெடுத்தவர். அவர் வாசிப்பில் ராய் எல்ட்ரிட்ஜின் சாயல் தூக்கலாகத் தெரியும். உச்சஸ்தாயியை எட்டும் ஆவலில் சில வேளைகளில் வழுக்குவதும் உண்டு. ஆனால், எல்ட்ரிட்ஜே படியேறி வந்து எதிரே நின்று வாசிக்கும் மேடையில் இரவுதோறும் நிற்கும் இருபது வயது வாலிபனின் நெஞ்சுரத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். நிக் ஃபென்டனைப் பற்றி நூல்கள் மிகச் சுருக்கமாகவே பேசுகின்றன. 1941 மார்ச்சில் உனா மே கார்லைல் என்ற பாடகியின் இசைத்தட்டுக்காக லெஸ்டர் யங்குடன் சேர்ந்து வாசித்தவர் என்பது போன்ற சில வரிகள் மட்டும் கிடைக்கும். சில காலம் கெர்மிட் ஸ்காட் என்பவரும் டெனர் சாக்ஸபோனுடன் இவர்களோடு சேர்ந்திருந்தார். எனினும் ஆஸ்தானம் என்று சொன்னால் மேற்சொன்ன நால்வரையே குறிக்கும்.

திங்கட்கிழமை இரவுகளுக்கு அங்கே தனி மவுசு. ஏழு தெருக்கள் வடக்கே, 125-ஆம் தெருவிலிருந்த அப்பல்லோ நாடக அரங்கில் வாசிக்கும் கலைஞர்களுக்கு அன்று ஓய்வு. அவர்களையெல்லாம் ஹில் அழைத்து, வயிறார இலவசமாகச் சாப்பாடு போடுவார். உண்ட பின் வாத்தியத்தைத் தொடாமல் எழுந்து போகச் சங்கீதக்காரனுக்கு மனம் வருமா? லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், டான் பையாஸ், எல்ட்ரிட்ஜ், கில்லெஸ்பி என்று அந்தச் சிறு மேடையில் ஏறியவர்களின் பெயர்களை அடுக்கினால் அது அந்தத் தலைமுறையின் ஜாபிதாவாகவே ஆகிவிடும். பென்னி குட்மனின் புகழ்பெற்ற குழுவில் மின்கிதார் வாசித்துவந்த சார்லி கிறிஸ்டியன், வேலை முடிந்த கையோடு ஹார்லெமுக்கு வந்து, விடியற்காலையில் கடை சாத்தும் வரையில் வாசிப்பார். அவருடைய வசதிக்காக ஹில் ஓர் ஒலிபெருக்கியை வாங்கி அங்கேயே வைத்திருந்ததாகச் சொல்வார்கள்.

இப்படி வருபவர்கள் எல்லோருக்கும் பக்கவாத்தியமாக இருப்பது எத்தகைய சாதனை என்பதை உணர, ஜாஸ் பாட்டின் அமைப்பை ஒருவாறு அறிந்திருத்தல் வேண்டும். நான்கு அடிகொண்ட சுற்றுகள் முப்பத்திரண்டு சேர்ந்தால் ஒரு பாட்டு. முதல் எட்டுச் சுற்றுகள் அப்படியே மறுமுறை வரும். மூன்றாவது எட்டு வேறு திசையில் போகும். நான்காவது எட்டு முதலாவதுக்கே திரும்பும். வர்ணமெட்டை ஒருமுறை வாசித்து முடித்ததும் அதை விட்டுவிடுவார்கள். ஆனால் அதன் கீழே வரிசையாக வந்த ‘கார்டு’களை, அதாவது மூன்று நான்கு சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்யும் கட்டுகளை, விடமாட்டார்கள். அந்தக் கட்டுகளின் வரிசை சுற்றிச்சுற்றி வர, அதன்மேல் புதிது புதிதாக மெட்டைக் கற்பித்துக்கொண்டு போவதுதான் வித்வத்துவம். நிரவலில் சாஹித்யவரியும் தாளமும் நிலைத்து நிற்க, சங்கதி மட்டும் விரிந்துகொண்டே போவதைப் போன்றது இது. அந்த வரிசையைப் பியானோவும் பேஸும் காக்கின்றன. அவை அசைந்தால் மேலே நிற்பவர் விழுவார்.

மிண்டன்ஸில் அவை வேண்டுமென்றே அசைந்தன. பகல் வேளைகளில் மங்க்கும் கில்லெஸ்பியும் பழகிய பாட்டுகளை எடுத்துக்கொண்டு, ஒரு கட்டு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டை வைத்தும், எதிர்பார்த்த கட்டுக்குப் பதிலாகத் தொலைவான சுருதியிலிருந்து ஒன்றைக் கொணர்ந்தும், வரிசையையே மாற்றியமைத்துப் பழகினார்கள். நம் சங்கீதத்தில் அசையாத சுரமெனப் போற்றப்படும் பஞ்சமத்தை அரைச் சுரம் கீழிறக்கி, அந்த இடத்தைத் தங்கள் புதிய பாஷையின் முத்திரையாகவே ஆக்கிக்கொண்டார்கள். கெர்ஷ்வின் 1930-இல் இயற்றிய ‘ஐ காட் ரிதம்’ பாட்டின் வரிசையைத் தெரியாத வாத்தியக்காரர் அன்று கிடையாது. அந்தத் தைரியத்தில் மேடையேறியவர், இரண்டாவது சுற்றுக்குள்ளேயே தாம் நிற்கும் தரை எது என்று தெரியாமல் விழித்து, மெல்ல இறங்கிப் போய்விடுவார். தகுதியற்றவர்களை விலக்குவதற்கே அப்படிச் செய்தோம் என்று கில்லெஸ்பியும் கிளார்க்கும் பிற்காலத்தில் வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இதற்கு இன்னும் ஆழமான காரணமும் ஒன்று உண்டு. கறுப்பினக் கலைஞர்கள் கண்டுபிடித்த ஒவ்வொரு நடையையும் வெள்ளையர்களின் குழுக்கள் கற்றுக்கொண்டு, வானொலியிலும் உயர்தர ஹோட்டல்களிலும் வாசித்துப் பொருளும் புகழும் குவித்ததை அந்தத் தலைமுறை கண்ணெதிரே கண்டது. வாசிக்க முடியாததை எவரும் திருட முடியாது, ஆகையால் அவர்களால் வாசிக்க முடியாத ஒன்றை நாம் உண்டாக்குவோம் என்னும் பொருள்பட மங்க் சொன்னதாக, பியானோ வித்வாம்சினியான மேரி லூ வில்லியம்ஸ் தம் நினைவுக்குறிப்பில் பதிந்திருக்கிறார். மங்க்கோ பின்னாளில் கேட்டவர்களிடம், புதிதாக ஒன்றைக் கட்டுகிறோம் என்ற எண்ணமே தமக்கு இருந்ததில்லை, தாம் அங்கே வேலையைத்தான் செய்துகொண்டிருந்ததாகச் சொன்னார். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சில் கனலும் மனக்குறை வேறு, இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து விடியும்வரை வாசிக்கவேண்டிய உத்தியோகம் வேறு. முன்னது திசையைக் காட்டியிருக்கலாம், ஆனால் அந்தத் திசையில் ஓரடி எடுத்துவைக்கும் சக்தியைக் கொடுத்தது பின்னதே. ஒரே பாட்டை ஒரே வாரத்தில் பத்துப் பேருக்காகப் பத்து விதமாக வாசிக்க நேர்ந்த பியானோக்காரனுக்கன்றி, அந்தப் பாட்டின் உள்ளே இன்னும் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று வேறு யாருக்குத் தெரிந்திருக்க முடியும்?

மங்க்கும் கிளார்க்கும் சேர்ந்து இயற்றிய பாட்டொன்றுக்கு 1941-இல் உரிமைப் பதிவு செய்தார்கள். கூட்டி வில்லியம்ஸின் குழு 1942-இல் அதை ‘ஃபிளை ரைட்’ என்ற பெயரில் பதிவு செய்தது. பின்னர் அதன் பெயர் ‘எபிஸ்ட்ரஃபி’ என்றே நிலைத்துவிட்டது. வாக்கியங்களின் ஈற்றில் ஒரே சொல் மீண்டும் மீண்டும் வருவதைக் கிரேக்க அலங்கார சாஸ்திரம் ஏறக்குறைய அந்தப் பெயரால் குறிக்கும். நம் யாப்பிலுள்ள இயைபுத் தொடையை ஒருவாறு அதற்கு இணை சொல்லலாம். அந்தப் பாட்டும் அத்தகையதே. சிறு துணுக்கு ஒன்று அரைச் சுரம் ஏறியும் இறங்கியும், மீண்டும் மீண்டும் வாசற்படியில் வந்து நிற்கும். மிண்டன்ஸில் குழுவின் அடையாளமாக அதை வாசித்தார்கள். மங்க் தம் ஆயுள் முழுவதும் கச்சேரியை முடிக்கும்போது அதையே வாசித்துவந்தார்.

அந்த ஆஸ்தானம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. சார்லி கிறிஸ்டியன் 1941-இல் காசநோயால் வைத்தியசாலை புகுந்து, 1942 மார்ச் 2-ஆம் நாள் இருபத்தைந்தே வயதில் மறைந்தார். ஏறக்குறைய அதே காலத்தில் கான்ஸாஸ் சிட்டிப் பக்கத்திலிருந்து வந்த சாக்ஸபோன் வித்வான் சார்லி பார்க்கர், 134-ஆம் தெருவிலிருந்த மன்றோஸ் விடுதியில் வாசிப்பதைக் கேள்வியுற்று, மிண்டன்ஸ் குழுவினர் அங்கே போய்க் கேட்டு வியந்து திரும்பினர். தாங்கள் தனித்துத் தேடியதையே இன்னொருவர் வேறு வழியாகத் தேடி அடைந்திருப்பதைக் கண்ட வியப்பு அது. 1942 ஆகஸ்ட் முதல் தேதியன்று சங்கீதத் தொழிலாளர் சங்கம், உறுப்பினர்கள் இசைத்தட்டுகளுக்கு வாசிக்கக்கூடாது என்று தடை விதித்தது. பெரிய கம்பெனிகள் இரண்டு அந்தத் தகராறில் 1944 நவம்பர் வரை இணங்கவில்லை. புதிய சங்கீதம் வளர்ந்து முற்றிய அந்த இரண்டாண்டுகளில் அதன் ஒலி கடைகளுக்கு அரிதாகவே வந்தது. 1943-இல் கிளார்க் ராணுவ சேவைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார். நால்வரும் பிரிந்தனர்.

கிளார்க் 1946-இல் திரும்பிவந்து இஸ்லாத்தைத் தழுவினார். ராணுவத்தில் தமக்கு அறிமுகமான ஜான் லூயிஸோடு சேர்ந்து ‘மாடர்ன் ஜாஸ் குவார்டெட்’ குழுவைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரானார். அதையும் விட்டு 1956-இல் பாரிஸில் குடியேறினார். அங்கே 1959 முதல் ‘புளூ நோட்’ என்னும் விடுதியில், பியானோவில் பட் பவலும் பேஸில் பிரெஞ்சுக்காரரான பியேர் மிஷெலோவும் உடனிருக்க, மறுபடியும் ஆஸ்தான டிரம் வித்வானாகவே அமர்ந்து, அமெரிக்காவிலிருந்து வந்துபோகும் விருந்தாளிகளுக்கெல்லாம் வாசித்தார். இந்தச் செய்தியை முதன்முறை படித்தபோது எனக்கு உண்டான ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. கடல் கடந்து போயும் மனிதர் தம் பழைய உத்தியோகத்தையே தேடிக்கொண்டார். 1985-இல் பாரிஸை அடுத்த மாந்த்ரேயில் காலமானார்.

மங்க்கின் சரித்திரம் பலர் அறிந்தது. 1951-இல் ஒரு வழக்கின் காரணமாகப் போலீசார் அவருடைய விடுதி அநுமதிச் சீட்டைப் பறித்துக்கொண்டமையால், ஆறாண்டுகள் நியூயார்க்கில் மது விற்கும் எந்த விடுதியிலும் அவர் வாசிக்க முடியவில்லை. வீட்டில் இருந்தார், இயற்றினார், காத்திருந்தார். 1957-இல் ‘ஃபைவ் ஸ்பாட்’ விடுதியில் ஜான் கோல்ட்ரேனோடு மாதக்கணக்கில் தொடர்ந்து வாசித்தபோதுதான் உலகம் அவர் பக்கம் திரும்பிற்று. 1964 பிப்ரவரியில் டைம் பத்திரிகையின் அட்டையில் அவர் முகம் வெளிவந்தது. 1982-இல் மறைந்தார். ஜோ கை பாடகி பில்லி ஹாலிடேயோடு சிலகாலம் வாழ்ந்து, அவருக்கென ஒரு பெரிய குழுவையும் 1945-இல் நடத்தி, 1947-இல் போதைப்பொருள் வழக்கொன்றில் கைதாகி, அதன்பின் சொந்த ஊரான பர்மிங்ஹாமுக்கே திரும்பி, 1962-இல், நாற்பதைச் சற்றே கடந்த வயதில் காலமானார். அவருடைய பெயர் இன்று பெரும்பாலும் ஹாலிடேயின் சரித்திரத்தில், அதுவும் ஒரு துயர அத்தியாயத்தில் மட்டுமே வருகிறது. அது நியாயமன்று.

செசில் ஹோட்டலில் 1974-இல் நேர்ந்த தீவிபத்துக்குப் பின் மிண்டன்ஸ் மூடப்பட்டது. 1985-இல் அக்கட்டடம் தேசிய சரித்திரச் சின்னங்களின் பதிவேட்டில் சேர்ந்தது. 2006-இலும் மறுபடி 2013-இலும் அங்கே சங்கீதத்தை மீட்க முயன்றார்கள்.

இந்த நால்வரும் வாசித்தது காற்றோடு போய்விடாமல் இருப்பதற்குக் காரணமானவர், கொலம்பியா சர்வகலாசாலை மாணவராயிருந்த ஜெர்ரி நியூமன். இசைத்தட்டு வெட்டும் சிறு இயந்திரம் ஒன்றை அவர் 1941-இல் தூக்கிக்கொண்டு ஹார்லெமின் விடுதிகளுக்குப் போவார். அலுமினியத் தகட்டின்மேல் மெழுகுபோல் மிருதுவான பூச்சு பூசியிருக்கும். அது சுழல, ஊசி அதில் ஒலியின் தடத்தைக் கீறிக்கொண்டே போகும். கீறலிலிருந்து மயிரிழையாய்ச் சுருண்டெழும் பூச்சை ஊசியில் சிக்காமல் ஒதுக்கிவிட்டுக்கொண்டே அவர் அருகில் உட்கார்ந்திருப்பார். கம்பெனித் தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் அடங்கும் என்பதால் வித்வான்கள் அங்கே அளந்து வாசிக்கவேண்டியிருந்தது. நியூமனின் தட்டுகளிலோ அவர்கள் மனம்போல் நீண்டு வாசிப்பது கேட்கிறது. அவற்றுள் 1941 மே மாதத்தில் பதிவாகி, பின்னர் ‘ஸ்விங் டு பாப்’ என்று பெயர் சூட்டப்பட்டது ஒன்று உண்டு. ‘டாப்ஸி’ என்னும் பழைய பாட்டின் வரிசையில் அமைந்தது அது.

தட்டு பாட்டின் நடுவிலிருந்தே தொடங்குகிறது. கதவைத் தாமதமாகத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தாற்போல், கிறிஸ்டியனின் கிதார் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது எட்டுச் சுற்றுகள் வரும்போதெல்லாம் அவர் சுரங்களை நெருக்கி நெருக்கி ஓரிடத்தில் முடிச்சுப் போட, அந்த முடிச்சு விழும் இடத்தை முன்கூட்டியே அறிந்தவர்போல் கிளார்க்கின் இடக்கை சரியாக அங்கே விழுகிறது. ஒருமுறை அது தவறி ஒரு மாத்திரை முந்திவிடுகிறது. கிறிஸ்டியன் அதையே பற்றிக்கொண்டு அடுத்த வாக்கியத்தை அங்கிருந்து தொடங்குகிறார். பின்னர் ஜோ கை டிரம்பெட்டை உயர்த்துகிறார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுகிறது. இவற்றுக்கெல்லாம் அடியில், முதலில் காதுக்கே எட்டாமல், இரண்டாம் மூன்றாம் தடவை கேட்கும்போது மட்டும் புலப்படும்படியாக, சுற்றுக்கு நான்கு என்று நிக் ஃபென்டனின் தந்திகள் நடந்து செல்கின்றன. கிதார் ஓய்ந்து டிரம்பெட் தொடங்குமுன் ஒரு கணம் மேடையில் அந்த நடை மட்டுமே கேட்கிறது.